இந்த வருடம் தலை கிடையாது

ஜனவரி 7, செவ்வாய்

மூன்றாவது கடிதம் வந்துவிட்டது. "தங்கள் வசமுள்ள பிரசவ வார்டின் சாவியை உடனடியாக ஒப்படைக்கவும்." வார்டை மூடி ஆறு மாதம் ஆகிறது. பூட்டிக் கிடக்கிற கதவின் சாவி யாரிடம் இருந்தால் இவர்களுக்கு என்ன? இருபத்தாறு வருடம் அந்தக் கதவைத் திறந்தவள் நான். கொடுக்க மாட்டேன். நாலாவது கடிதமும் போடட்டும், தபால்காரருக்கு நடை மிச்சமாக வேண்டாம்.

காலையில் வேலைக்குப் போகும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. ஒன்பது நிமிடம். இப்போதெல்லாம் கேட்டில் நின்றால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. நாற்பத்தொரு கிலோமீட்டர் போய் ஏதோ ஒரு ஊரின் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி வெட்டிவிட்டு, அதே கேட் வழியாகத் திரும்பி வருகிறேன்.

ஃபோல்க்மார் போன் செய்தார். "ஹில்கே, கோழிவலை வந்தாச்சு, பழைய பேப்பரும் ரெண்டு மூட்டை சேர்ந்தாச்சு. ப்ரோம்பாக்கோட தலை உன் பொறுப்பு. வழக்கம்போல!"

வழக்கம்போல. வார்டை மூடிய மாவட்டத் தலைவனின் தலையை, அந்த வார்டில் வேலை பார்த்த மருத்துவச்சி, காகிதக் கூழில் செய்து கோமாளித் திருவிழா வண்டியில் ஏற்ற வேண்டும். ஊர் சிரிக்க வேண்டும். இது ஏழாவது தலை.

ஜனவரி 11, சனி

வண்டிக் கொட்டகையில் கூட்டம். திருவிழாவின் ரோஜாத் திங்கள் ஊர்வலத்துக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. ஃபோல்க்மார் திருவிழாச் சங்கத் தலைவர். நாற்பது வருடம் கூரை வேய்ந்த மனிதர். நின்ற இடத்திலேயே ஜோக் சொல்லுவார். திட்டத்தை விவரித்தார். ப்ரோம்பாக்குக்கு ரயில்வே கேட்கீப்பர் தொப்பி. கேட் கம்பத்தில் சாய்ந்து குறட்டை. மூக்கிலிருந்து பலூன் மாதிரி ஒரு காற்று முட்டை, அது குறட்டைக்கு ஏற்பப் பெருத்துச் சுருங்கும். பின்னால் ஒரு நாரை, வீட்டுக்கு வீடு பிள்ளை கொண்டுவரும் என்று கதையில் சொல்வோமே அந்த நாரை, அலகில் குழந்தை மூட்டையோடு, கேட் திறக்கக் காத்து நிற்கும்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்! பைக்குள் அந்தச் சாவி இருக்கும்போதே சிரித்தேன். வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

நவம்பரில் எழுத முடியவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் அந்த நாரையைப் பார்த்து மறுபடி சிரித்துவிடுவேன்.

நவம்பர் 19, மத்தியானம் மூன்று மணி. கடைவீதி ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற மாரைக்கேவின் புருஷன் தோர்பென் வந்து என் கதவை இடித்தான். ஓடினேன். நிறைமாத மாரைக்கே சமையலறைத் தரையில் கிடந்தாள்; ரத்தம். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. பிள்ளை வருமுன்பே நச்சுக்கொடி பிரிகிறது என்று கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது, அவர்கள்மேல் குற்றமில்லை. பழைய வார்டு இரண்டு நிமிட தூரம். அதன் வாசலைத் தாண்டித்தான் போனோம். கதவில் சங்கிலி.

அப்புறம் கேட். ஒரு சரக்கு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. சைரன் கத்திக்கொண்டே இருந்தது, யாருக்காகக் கத்தியதோ. ஆற்றோரம் முழுக்க இதே தண்டவாளம், சுற்றிப் போக வழியில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு ஏழாவது நிமிடம்வரை கேட்டது. பதினோராவது நிமிடம் கேட் திறந்தது.

ஆண் குழந்தை.

பதினொன்று எங்கள் கோமாளித் திருவிழாவின் எண். பதினோராம் மாதம், பதினோராம் தேதி, பதினோரு மணியைத் தாண்டிப் பதினோராவது நிமிடத்தில் சீசனைத் தொடங்குவோம். சங்கத்தின் மேடையில் பதினோரு பேர் உட்காருவார்கள். நல்ல எண்தான், போ.

ஜனவரி 18, சனி

கோழிவலையை வளைத்து மண்டையின் உருவம் கொண்டுவந்தாயிற்று. கை பழகிவிட்டது, படம் பார்க்காமலே ப்ரோம்பாக்கின் தாடை வருகிறது. இரண்டு காதுகளையும் கொஞ்சம் பெரிதாக வைப்பேன். கன்னத்தில் குழி. அந்தக் குழியை வைத்தால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும்.

பிடிக்கும்! அதுதான் விஷயம். நிஜ ப்ரோம்பாக்குக்குக் கன்னத்தில் குழியே கிடையாது. அது நான் போட்டது. முதல் வருடம் பசை காய்கையில் தவறிப்போய் உள்வாங்கியது, அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். தேர்தலில் அந்தத் தலையோடு தன் தலையை ஒட்டி நின்று படம் எடுத்து வீட்டுக்கு வீடு போட்டார்: "தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்." ஊர்வலம் முடிந்ததும் கேலிக்குள்ளானவர் தன் தலையை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். மற்றவர்கள் ஒப்புக்கு வாங்கிக் கிடங்கில் போடுவார்கள். இவர் ஆறையும் தோட்டத்துக் கண்ணாடி அறையில் வரிசையாக வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் காட்டுகிறாராம்.

போன வருடம் நாரை வண்டி. வார்டை மூடப்போகிறார்கள் என்று தெரிந்த சமயம். அவர் தலையை நாரையின் உடம்பில் வைத்தேன். குழந்தைகளை அலகிலிருந்து பொத் பொத்தென்று ஆற்றில் போட்டுக்கொண்டு போனது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மாவட்ட அலுவலகப் பால்கனியில் நின்ற ப்ரோம்பாக் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், கைதட்டினார். அடுத்த வாரம் வார்டைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்கப் போனோம். "அதான் திங்கக்கிழமை நல்லாக் குடுத்தீங்களே ஹில்கே, இன்னும் என்ன?" என்றார்கள். ஐந்நூறு கையெழுத்துக்கூடத் தேறவில்லை. கோபம் மொத்தமும் சிரிப்பாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்துவிட்டது யார்? நான்தான். என் கையால்.

ஜனவரி 25, சனி

மாரைக்கேவிடம் போனேன். கேட்காமல் அந்த வண்டியைச் செய்வது அயோக்கியத்தனம் என்று பட்டது. கடை மூடும் நேரம். அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்கீப்பர், குறட்டை, முட்டை, நாரை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கேவலமாகக் கேட்டது.

துடைப்பதை நிறுத்தவில்லை அவள். "போன வருஷம் நாரை வண்டிய நான் பார்த்தேன். இந்தக் கடை வாசல்லதான் நின்னேன். எவ்வளவு சிரிச்சேன் தெரியுமா? கண்ணுல தண்ணி வந்துச்சு."

"மாரைக்கே..."

"அப்புறம் நீங்க பேப்பரோட வந்தீங்க, கையெழுத்து கேட்டு. நான் போடல. ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

இருக்கிறது. மாவு பிசைந்த கை என்று சொல்லி, அப்புறம் வாங்க என்றாள். நான் அப்புறம் போகவில்லை.

"போடணும்னு தோணல. அந்தாளுதான் நல்லா மாட்டிக்கிட்டாரே, ஊரே சிரிச்சுதே, இனிமே மூடுவாரான்னு நினைச்சேன். நெசமா நினைச்சேன்." அப்புறம்தான் துணியைக் கீழே எறிந்தாள். "இப்ப என் பையனை வச்சு இன்னொரு தடவை சிரிக்கணுமா? அவரு அந்தத் தலையையும் கொண்டுபோய்க் கண்ணாடி ரூம்ல வைக்கணுமா? வேணாம். யாரையும் சிரிக்க வைக்காதீங்க. காக்க வைங்க. நான் காத்துக் கிடந்தேன்ல? அந்த மாதிரி எல்லாரையும் காக்க வைங்க, முடிஞ்சா!"

அவள் எறிந்த துணியை எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஃபோல்க்மாரோடு சண்டை. குறட்டை வேண்டாம், முட்டை வேண்டாம், நாரையும் வேண்டாம் என்றேன்.

"அப்ப வண்டியில என்னதான் இருக்கும்? வெறும் கேட்டா?"

"வெறும் கேட்."

"ஏம்மா, பனியில நாலு மணி நேரம் நிக்கிறவங்க சிரிக்க வர்றாங்க. அழுகிறதுக்கு வீட்லயே ஆயிரம் இருக்கு."

"நாம சிரிக்க வச்சு என்ன கிழிச்சோம், சொல்லுங்க."

"ராஜா காலத்துலயே நம்ம ஊர்ல சிரிச்சிருக்காங்க. சிரிப்பு இல்லேன்னா இந்தப் பதவிக்காரப் பசங்க நம்ம தலைமேல ஏறி உட்கார்ந்துருப்பாங்க."

"உட்கார்ந்துதானே இருக்காங்க?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பது வருடம் கட்டிக்காத்த சங்கம் அவருக்கு. தலை இருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கோழை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று கேட்டில் ஆறு நிமிடம். எனக்கு முன்னால் நின்றவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். என்ன சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 22, சனி

தலை காய்ந்தாயிற்று. வர்ணம் அடித்தேன். கன்னத்துக் குழியை மட்டும் இந்த வருடம் அடைத்துவிட்டேன். அதற்கே ஃபோல்க்மார், "என்னமோ குறையுதே" என்றார்.

கேட்டை டிராக்டர்காரர் குண்டோல்ஃப் செய்து முடித்துவிட்டார். அவர் திராட்சைத் தோட்டக்காரர். அதிகம் பேச மாட்டார். வண்டியை இழுப்பது எப்போதும் அவருடைய டிராக்டர்தான். கேட் கம்பம் தெருவின் முழு அகலத்துக்கும் நீளும், கைப்பிடியால் ஏற்றி இறக்கலாம். ரயில்வே கிடங்கிலிருந்து பழைய மணி ஒன்று கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். அடித்துக் காட்டினார். அந்த ஒலிதான். அதே ஒலி.

பிப்ரவரி 27, வியாழன் (பெண்கள் நாள்)

கொதிக்கிறது. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் வழக்கம்போல ஊர்ப் பெண்கள் எல்லோரும் மாவட்ட அலுவலகத்துக்குள் புகுந்தோம். இன்று அதிகாரம் எங்கள் கையில். கத்தரிக்கோலோடு போய் அகப்பட்ட ஆண்களின் டையை வெட்டுவோம். இன்றிலிருந்து, விழா முடிகிற சாம்பல் புதன்வரை யாருக்கும் மரியாதை கிடையாது, எல்லோருக்கும் எல்லோரும் "நீ"தான். நேராக ப்ரோம்பாக்கின் அறைக்குப் போனேன். என் பையில் இருந்தது பிரசவ வார்டின் கத்தரிக்கோல். தொப்புள்கொடி வெட்டுகிற கத்தரி. அதைக் கொண்டுபோனது வேண்டுமென்றேதான். அவர் கழுத்தருகில் அதைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு மாதமாகத் தயாரித்து வைத்திருந்தேன்.

நாற்காலியில் சாய்ந்து கழுத்தைத் தூக்கிக் காட்டினார். டை. மலிவான சிவப்பு டை. நடுவில் புள்ளிக்கோடு போட்டு, அதன்மேல் அச்சடித்திருந்தது: "இங்கே வெட்டவும்."

"வா ஹில்கே, உனக்காகத்தான் காத்திருக்கேன்! இந்த டையில பத்து வாங்கி வச்சிருக்கேன், காலையிலருந்து இது நாலாவது."

சுற்றி நின்ற பெண்கள் கெக்கலித்தார்கள். வெட்டினேன்! ஆமாம், வெட்டினேன், எங்கே வெட்டச் சொன்னாரோ அங்கேயே. துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, வழக்கப்படி கன்னத்தை நீட்டி முத்தமும் வாங்கிக்கொண்டார். "தலை எப்படி வந்திருக்கு? கன்னத்துல குழிய மறந்துடாத. என் பொண்டாட்டிக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

இருபத்தாறு வருடக் கத்தரி. எத்தனை பிள்ளைகளை உலகத்துக்கு அவிழ்த்துவிட்ட கத்தரி. அதைக் கொண்டுபோய் அந்தாள் கோடு போட்டுக் காட்டின இடத்துல வெட்டிட்டு வந்துட்டேனே!

எங்கள் கேலி மொத்தமும் இவ்வளவுதானா? அவர்கள் வெட்டுவதற்கென்றே வாங்கி வைத்த டையை வெட்டுவதுதானா?

பிப்ரவரி 28, வெள்ளி

மழை. தலையைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் மழையில் வைத்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் காது தொங்கியது. பிறகு மூக்கு. மத்தியானத்துக்குள் கூழ். மனதுக்கு இதமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 2, ஞாயிறு

குண்டோல்ஃபிடம் சொன்னேன். பால்கனிக்கு நேராக வண்டியை நிறுத்த வேண்டும், பதினோரு நிமிடம், யார் கத்தினாலும் நகரக் கூடாது.

கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "டிராக்டர் பழசு. சில சமயம் நின்னுடும்."

அவ்வளவுதான் பேச்சு.

தீயணைப்பு நிலையத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டேன்: நாளைக்குக் கடைவீதியில் எங்கள் வண்டி கொஞ்ச நேரம் அடைத்து நிற்கும், அவசரமென்றால் ஆலைச் சந்து வழியாக ஆம்புலன்ஸ் போகட்டும், அங்கே வேடிக்கை பார்க்கிறவர்கள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வார்டை மூடியவர்கள் மாதிரி இல்லை.

பிறகு ரொட்டிக்கடை. மாரைக்கே ஜாம் வைத்த பணியாரங்களுக்குச் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தாள். "நீ சொன்ன மாதிரிதான். யாரும் சிரிக்க மாட்டாங்க. நீ வரவேணாம், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன்.

"கேட்டை யாரு தூக்குவாங்க?"

"நான்."

"இல்ல. நான்."

மார்ச் 3, ரோஜாத் திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

வண்டிகளைக் கிளம்பும்வரை தார்ப்பாயால் மூடி வைப்பதுதான் வழக்கம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. தார்ப்பாயை எடுத்ததும் ஃபோல்க்மார் ஓடி வந்தார். "தலை எங்க?"

"மழையில நனைஞ்சுபோச்சு."

"ஹில்கே!"

முன்னால் வாத்தியம் தொடங்கிவிட்டது. அவர் ஊர்வலத்தின் முதல் வரிசையில் நடக்க வேண்டியவர். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு ஓடினார்.

கடைவீதி முழுக்க ஜனம். கரடி, கடற்கொள்ளையன், தேனீ, போலீஸ் வேஷம் போட்ட பாதிரியார். பால்கனியில் ப்ரோம்பாக், கோமாளித் தொப்பி, மார்பில் ஏழெட்டு விழாப் பதக்கங்கள், முன்னால் மைக். வண்டி நேராக வந்ததும் குண்டோல்ஃபின் டிராக்டர் இருமிவிட்டு நின்றது. நான் மணியை அடித்தேன். கேட் இறங்கியது. தெரு அடைபட்டது.

ஹோவென்று சிரிப்பு! இந்த ஊரில் கேட்டைத் திட்டாத வாய் கிடையாது. மணிச் சத்தம் கேட்டதுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. "ஐயோ, இங்கயும் வந்துடுச்சா!" என்று ஒருத்தன் கத்தினான். எங்களுக்குப் பின்னால் முப்பது வண்டிகள் நின்றன. மாரைக்கே வண்டியின் பின்பக்கமிருந்து இறங்கிக் கைப்பிடியருகில் போய் நின்றாள். வேஷமில்லை. சாம்பல் நிறக் குளிர்கோட்டு. அந்தத் தெருவில் வேஷம் போடாதவள் அவள் ஒருத்திதான்.

இரண்டாவது நிமிடம் ப்ரோம்பாக் மைக்கில், "ஹில்கே! என் தலை எங்க?" என்றார். மறுபடி சிரிப்பு. நான் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நிமிடம் அவர் கை நிறைய மிட்டாய் வாரி எறிந்தார். நாலாவது நிமிடம் பின்னால் நின்ற வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். விசில். "நகர்த்துங்கப்பா!" "கால் விறைச்சுப்போச்சு!" யாரோ ஒரு பணியாரத்தை எறிந்தான், என் தோளில் பட்டு ஜாம் ஒட்டியது.

ஐந்தாவது நிமிடம் ஃபோல்க்மார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "எடுடி கேட்டை! போலீஸ் கேக்குறான், டிவிக்காரன் கேக்குறான்!"

"இன்னும் ஆறு நிமிஷம்."

"என்ன கணக்கு இது, ஆறு..."

அங்கேயே நின்றுவிட்டார். பதினொன்று பத்திரிகையில் வந்த எண், ஊருக்கே தெரிந்த எண். அவர் மெதுவாகத் திரும்பி மாரைக்கேவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். இறகும் பதினோரு மணியும் தைத்த சங்கத் தலைவர் தொப்பி. சாகும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்பார். கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு கேட் பக்கத்தில் நின்றார்.

அதைப் பார்த்துத்தான் முன்வரிசைக்குப் புரிந்தது. ஒரு தேனீ கரடியின் காதில் ஏதோ சொன்னாள். கரடி தன் தலையைக் கழற்றியது. அப்படியே தெருவின் இரண்டு பக்கமும் அமைதி நகர்ந்து போனதை நான் மேலிருந்து பார்த்தேன். ஏழாவது நிமிடம் மணி அடிப்பதை நிறுத்தினேன். அடிக்க முடியவில்லை.

ப்ரோம்பாக்கின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சிரித்தால் இங்கே சிரிக்க ஒன்றுமில்லை. நிறுத்தினால், ஏன் நிறுத்தினார் என்று தெருவே கேட்கும். தொப்பிக்குக் கை போனது, பாதி வழியில் நின்றது. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். உள்ளே போகக் கதவு பக்கம் ஒரு அடி வைத்தார். அப்போது கீழே இருந்து ஒரு பெண் குரல், கத்தாமல், சாதாரணமாக: "இரு. நாங்களும் நிக்கிறோம்ல?"

நின்றார்.

ஒன்பது. பத்து. எவ்வளவு நீளம் தெரியுமா பதினோரு நிமிடம்? எனக்கே மறந்துபோயிருந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் அம்மா தூக்கி வைத்துக்கொண்டாள்.

மாரைக்கே கடிகாரம் பார்க்கவே இல்லை. சரியான நேரத்தில் கைப்பிடியைச் சுற்றினாள். கம்பம் ஏறியது. யாரும் கைதட்டவில்லை. குண்டோல்ஃபின் டிராக்டர் முதல் தடவையிலேயே கிளம்பியது.

மார்ச் 4, செவ்வாய்

தோளில் ஜாம் கறை போகவில்லை. போகவேண்டாம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

இன்றிலிருந்து நோன்பு; உப்பு மீனும் உருளைக்கிழங்கும். சங்கக் கூட்டம். "பிள்ளைங்க அழுதாங்க", "விழாவைச் சாவு வீடாக்கிட்டா", "வேற மேடையில பேசியிருக்கலாம்". ஒரு வருடத்துக்கு என்னை வண்டி வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தடைக்கு ஒன்பது பேர் ஆதரவு, ஏழு பேர் எதிர்ப்பு. ஃபோல்க்மார் எதிர்ப்பில் கை தூக்கினார். வெளியே வரும்போது, "உன் மேல எனக்கு இன்னும் கோபம்தான்" என்றார். "இருக்கட்டும்" என்றேன். வீடுவரை கூட நடந்து வந்தார்.

மார்ச் 8, சனி

பத்திரிகையில் ப்ரோம்பாக்கின் அறிக்கை. முழுப் பக்கம். "கேலிக்கு நான் என்றும் எதிரியல்ல. ஆனால் கேலிக்கும் எல்லை உண்டு. ஒரு தனிப்பட்ட துயரத்தை ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது நாகரிகமல்ல."

எல்லை! ஆறு தலை வரை எல்லை கண்ணில் படவில்லை. மூக்கைப் பூசணிக்காய் அளவு செய்தபோது எல்லை இல்லை, நாரையாக்கியபோது எல்லை இல்லை. இப்போது அவர் படமே இல்லாத, பெயரே இல்லாத ஒரு மரக்கம்பத்தில் எல்லை முளைத்துவிட்டது.

ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு வலித்திருக்கிறது. பத்திரிகையை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷமா? இல்லை. கோபம் இன்னும் இறங்கவில்லை, ஆனால் கோபத்துக்கு இப்போது ஒரு முகவரி கிடைத்திருக்கிறது.

மார்ச் 22, சனி

ரொட்டிக்கடைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வார்டைத் திரும்பத் திறக்கச் சொல்லி மாரைக்கே கையெழுத்துத் தாள் வைத்திருக்கிறாள். முதல் பெயர் அவளுடையது. ரொட்டி வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று போடுகிறார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை. "மாவுக் கையா இருந்தாலும் பரவால்ல, போடுங்க" என்று ஒருவரிடம் சொன்னாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஏப்ரல் 14, திங்கள்

மாவட்ட சபையில் வாக்கெடுப்பு. பழைய அளவில் வார்டு திரும்பாது. மருத்துவச்சிகள் நடத்தும் இரண்டு அறைப் பிரசவ நிலையம், கூப்பிட்ட நிமிடத்தில் வந்து சேர ஒரு மருத்துவர், அறுவை அறை. ப்ரோம்பாக்கின் சொந்தக் கட்சியிலேயே நான்கு பேர் அவரை விட்டுக் கை தூக்கினார்கள். எண்ணிக்கை தெரிந்ததும் கடைசியில் அவரும் தூக்கினார்.

இந்த அறிவு, வார்டை மூட வாக்களித்தார்களே போன வருடம் ஜூனில், அப்போது எங்கே போயிருந்தது? தோர்பென் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வெளியே போனான்.

ஜூன் 17, செவ்வாய்

நாலாவது கடிதம். "தங்கள் வசமுள்ள சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்."

எத்தனை தாராளம்!

நவம்பர் 4, செவ்வாய்

திறப்பு விழா. ரிப்பன் வெட்ட ப்ரோம்பாக்தான் வந்தார், வேறு யார்? "மக்கள் குரலுக்கு நான் எப்போதும் செவி சாய்த்தவன்." கேமரா. கைதட்டல். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாரைக்கே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

போகும்போது என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "அடுத்த வாரம் சீசன் தொடங்குதே. உங்க தடையும் மார்ச்சோட முடியுதுன்னாங்க. ஃபோல்க்மார்கிட்ட பேசினா கொஞ்சம் முன்னாடியே எடுத்துடுவாரு... இந்த வருஷம் என் தலையைச் செய்வீங்களா? ஜனங்க கேக்குறாங்க."

ஜனங்கள் கேட்கிறார்களாம்.

"இந்த வருஷமும் தலை கிடையாது" என்றேன். "கேட் இருக்கு. கொட்டகையில பத்திரமா வச்சிருக்கோம்."

முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

முதல் பிரசவம். மத்தியானம், ஆற்றங்கரைத் தெருவிலிருந்து நடந்தே வந்தாள் ஒரு பெண், புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு. என் சாவியால் கதவைத் திறந்தேன்.

வலி நெருங்கி வந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மணி அடிக்கத் தொடங்கியது. அவள் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள். "என்ன சத்தம் அது?"

"கேட் போடுறாங்கம்மா" என்றேன். "போடட்டும். நீ மூச்சை நல்லா இழுத்து விடு."